வீட்டுத் தண்ணீர்த் தொட்டி: எதில், எங்கே, எவ்வளவு?

வீடு கட்டத் தொடங்குகிறவர் வாஸ்து பார்ப்பவரிடம் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு எந்த மூலை என்பது. அதையே கொத்தனாரிடமும் கேட்கிறார், பிளம்பரிடமும் கேட்கிறார். ஒருவர் கன்னி மூலை என்கிறார். இன்னொருவர் தூண் வரும் இடம் என்கிறார். மூன்றாமவர் குளியலறைக்கு நேர் மேலே என்கிறார். டெங்கு காலத்தில் வீடுவீடாக வரும் சுகாதாரப் பணியாளருக்கு மூலையைப் பற்றிக் கவலை இல்லை. அவர் மூடியைத்தான் பார்க்கிறார். இந்தப் பதில்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறும் நியாயமும் உண்டு, குறையும் உண்டு.

அரக்கோணம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுதல். கோடை வந்தால் தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் பதிவான ஊர்களின் பட்டியலில் வேலூரும் திருத்தணியும் அடிக்கடி இடம்பெறுகின்றன. திருத்தணிக்குப் பக்கத்து ஊர் அரக்கோணம். வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. ஏரி, கிணறு, போர், நகராட்சிக் குழாய் என்று நான்கு பக்கமும் கைநீட்டித்தான் குடும்பங்கள் தண்ணீர் சேர்க்கின்றன. சேர்த்ததை எங்கே, எதில் வைப்பது என்பது அன்றாட உடல்நலத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஊரின் வேலை வீட்டின் வேலையானது

தண்ணீரைச் சேமிப்பது நெடுங்காலம் ஊரின் பொறுப்பாகவே இருந்தது. சோளிங்கர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள மகேந்திரவாடியில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையில் திருமாலுக்குக் குடைவித்த கோயில் இருக்கிறது. அது மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்ததாக அங்குள்ள கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஏரிக்கு அரசன் தன் பெயரை இட்டான். கோயிலின் முகவரியைச் சொல்லவும் அந்த ஏரியே பயன்பட்டது. தேக்கி வைப்பது ஏரியின் வேலை, ஊறவைப்பது கிணற்றின் வேலை. வீட்டுக்குள் இருந்தது ஒரு நாளைக்கான தண்ணீர்: குடம், தவலை, பித்தளை அண்டா, முற்றத்தில் ஒரு கல்தொட்டி.

இதை மாற்றியவை இரண்டு. குழாய்த் தண்ணீர் வந்தது; ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வந்தது. அடுத்து மின்மோட்டாரும் தளம் போட்ட வீடும் வந்தன. வரும் நேரத்தில் பிடித்து வைத்தாக வேண்டும், பிடித்ததை மேலே ஏற்றினால் வீடு முழுக்கக் குழாயில் வரும் என்ற இரண்டு தேவைகளும் சேர்ந்துதான் தரைக்கு அடியில் சம்ப்பையும் மொட்டை மாடியில் டேங்க்கையும் கொண்டுவந்தன. ஏரி செய்த வேலையின் ஒரு பகுதி வீட்டுக்காரர் தலையில் வந்து விழுந்தது. ஏரிக்குக் கரை காக்க ஆள் இருந்தார், மதகு பார்க்க ஆள் இருந்தார். மாடித் தொட்டிக்கு அப்படி யாரும் நியமிக்கப்படவில்லை. பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது என்று தோன்றுகிறது.

கன்னி மூலையும் ஈசானியமும்

இன்று மிகப் பரவலாகக் கேட்கும் பதில் வாஸ்துவினுடையது. மேல்நிலைத் தொட்டி தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில்; சம்ப், கிணறு, போர் மூன்றும் வடகிழக்கில், ஈசானியத்தில்; செப்டிக் டேங்க் வடமேற்கில், வாயு மூலையில். தென்கிழக்கு அக்னிக்கு உரியது என்பதால் அங்கே தண்ணீர் கூடாது.

இதில் கிணற்றுக்கான விதி பழையது. மாடித் தொட்டிக்கான விதி அப்படிப் பழையதாக இருக்க முடியாது. மனையடி நூல்கள் எழுந்த காலத்தில் மாடியில் தொட்டி வைக்கும் வழக்கமே இல்லை. தென்மேற்கு உயர்ந்தும் கனத்தும் இருக்க வேண்டும், வடகிழக்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்ற பொதுவிதியிலிருந்து பிற்காலத்தவர் வருவித்துக்கொண்ட முடிவு அது. வருவித்ததாலேயே தவறாகிவிடாது. ஆனால் சாஸ்திரமே சொல்லிவிட்டது என்று அதைக் கொத்தனார் கணக்குக்கு மேலே தூக்கி வைப்பதற்கு ஆதாரம் போதாது.

இந்த முறையில் ஒரு நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல தண்ணீருக்கும் கழிவுக்கும் வெவ்வேறு மூலை என்று அது கறாராகப் பிரித்துவிடுகிறது. எந்த விதியும் பார்க்காமல் காலி இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தோண்டுவதைவிட இது எவ்வளவோ மேல். குறை, சிறிய மனையில் வெளிப்படுகிறது. ஈசானியமும் வாயுவும் இரண்டுமே வடக்குப் பக்கத்து மூலைகள். 30 அடி அகல மனையில் சம்ப்புக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே சுவர், குழி அகலம் போக இருபது அடி மிஞ்சினாலே அதிகம். அடுத்த வீட்டுக்காரரும் அதே விதிப்படி கட்டினால், அவருடைய வாயு மூலை நம்முடைய ஈசானியத்தை ஒட்டி வந்து நிற்கும். தனி மனைக்கு எழுதப்பட்ட விதி ஒரு தெருவுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை வாஸ்து சொல்வதில்லை.

கொத்தனார் கணக்கு

பொறியாளரும் அனுபவமுள்ள கொத்தனாரும் மூலையைவிட எடையைப் பார்க்கிறார்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அந்த அளவுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் அடிப்பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடித் தளத்துக்கு இந்தியத் தர நிறுவனத்தின் விதிமுறை எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நிறைந்த தொட்டி இதைப் போல ஆறேழு மடங்கு. ஆகவே தளத்தின் நடுவில் நேரடியாக வைக்கக் கூடாது. பீமும் தூணும் சுவரும் சந்திக்கிற இடத்தின் மேல்தான் சுமை இறங்க வேண்டும். நான்கு மூலையிலும் தூண் வைத்துக் கட்டிய வீட்டில் கன்னி மூலையும் இந்த விதிக்கு ஒத்துப்போகும். பழைய சுவர் வீட்டின் மேல் பிறகு தொட்டி ஏற்றுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. அங்கே திசை பார்ப்பதற்கு முன் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுத் தளத்தைக் காட்டுவது அவசியம்.

அடுத்தது உயரம். குழாயைவிடப் பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மாடித் தளத்திலேயே தொட்டியை வைத்தால், அதற்கு நேர் கீழே உள்ள குளியலறையின் ஷவருக்கும் தொட்டியின் அடிமட்டத்துக்கும் இடையே ஒரு மீட்டர் இருந்தால் பெரிது. தண்ணீர் ஒழுகுமே தவிர விழாது. மாடிப்படி அறையின் மேல் தொட்டியை ஏற்றுவது இதனால்தான். உயரத்தோடு சுவரின் பலமும் சேர்ந்து கிடைக்கிறது.

இந்தத் தரப்பின் பலவீனம், அது கட்டடத்தோடு நின்றுவிடுவது. மாடிப்படி அறையின் உச்சிக்கு ஏறப் பெரும்பாலான வீடுகளில் நிலையான ஏணி கிடையாது. ஏற முடியாத தொட்டியை யாரும் கழுவுவதில்லை. பலமான இடத்தில், நல்ல உயரத்தில், அடியில் ஓரடிச் சேறோடு ஆண்டுக்கணக்கில் நிற்கும் தொட்டிகள் இந்தத் தீர்வின் விளைவுதான்.

சிமெண்ட், பிளாஸ்டிக், எஃகு, பித்தளை

எதில் வைப்பது என்ற விவாதம் 1970களுக்கு முன் இவ்வளவு பெரிதாக இல்லை. செங்கல் கட்டிப் பூசிய தொட்டி, கான்கிரீட் தொட்டி, கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறையை அடியில் தளம்போட்டு நிறுத்திய தொட்டி ஆகியவையே இருந்தன. சென்னையிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் கம்பிவலை வைத்துப் பூசும் மெல்லிய ஃபெரோசிமெண்ட் தொட்டிகளை உருவாக்கியது. நல்ல யோசனை, ஆனால் சந்தையில் அது நிற்கவில்லை. குஜராத்தின் கலோலில் ஒரு துணி ஆலையின் பிளாஸ்டிக் பிரிவு 1975இல் சின்டெக்ஸ் தொட்டியைக் கொண்டுவந்தது. இன்று எந்த நிறுவனத்தின் தொட்டியையும் நம் ஊரில் சின்டெக்ஸ் என்றே சொல்கிறோம். கட்டுமானம் வேண்டாம், ஒரே நாளில் ஏற்றிப் பொருத்திவிடலாம், கசிந்தால் மாற்றிவிடலாம் என்ற வசதிக்கு முன் சிமெண்ட் பின்வாங்கியது.

சிமெண்ட் தொட்டியை ஆதரிப்பவர்கள் அதன் ஆயுளையும் குளிர்ச்சியையும் சொல்கிறார்கள். கனமான சுவர் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும் என்பது உண்மை. ஆனால் மூடித்தளத்தின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். தண்ணீரின் ஈரம் எப்போதும் படுகிற அந்தப் பரப்பில்தான் கம்பி முதலில் துருப்பிடிக்கிறது. துரு உப்பி, பூச்சைத் தள்ளி, தகடு தகடாகத் தண்ணீரில் விழுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தொட்டி நன்றாகவே இருக்கும். சொரசொரப்பான உட்சுவரில் பாசியும் கொசு முட்டையும் ஒட்டிக்கொள்ளும். தேய்த்து எடுப்பது கடினம்.

பிளாஸ்டிக் தொட்டிக்கு ஐ.எஸ். 12701 என்ற இந்தியத் தரம் உண்டு. எத்தனை அடுக்கு என்ற விளம்பரப் போட்டியில் இந்த முத்திரை கண்ணில் படாமல் போகிறது. கருப்பு நிறத்துக்குக் காரணம் இருக்கிறது: அதில் சேர்க்கும் கரித்தூள் புறஊதாக் கதிரால் பிளாஸ்டிக் நொறுங்காமல் காக்கிறது, வெளிச்சத்தைத் தடுத்துப் பாசி வளராமல் பார்த்துக்கொள்கிறது. வெளிச்சம் ஊடுருவும் வெளிர்நிறத் தொட்டியில் பாசி பிடிக்கும். வெளியே கருப்பும் உள்ளே வெள்ளையுமாக வருபவற்றில் அழுக்கு கண்ணுக்குத் தெரிவது ஒரு நன்மை. பிளாஸ்டிக்கின் பரிதாபம் பெரும்பாலும் அடியில் தொடங்குகிறது. நான்கு கல்லை வைத்து அதன்மேல் தொட்டியை நிறுத்துவார்கள். கல் இல்லாத இடத்தில் அடிப்பாகம் தொய்ந்து, குழாய் வெளியேறும் நிப்பிளைச் சுற்றி விரிசல் விடும். அடிப்பரப்பு முழுவதும் சமதளத்தில் உட்கார வேண்டும். இதற்கு ஆகும் செலவு தொட்டி விலையில் மிகச் சிறு பங்கு.

துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி இப்போது கடைகளில் அதிகம் தென்படுகிறது. கழுவ எளிது, வெளிச்சம் புகாது. உப்புத் தண்ணீர் வரும் போர் உள்ள வீட்டில் மட்டும் யோசிக்க வேண்டும். குளோரைடு அதிகமான நீர் எஃகின் சாதாரண வகைகளையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். வாங்குவதற்கு முன் போர்த் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பித்தளை அண்டாவைப் பழமை என்று தள்ளிவிட முடியாதபடி ஒரு சான்று பக்கத்திலேயே கிடைக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வேலூர் நகர வீடுகளில் தண்ணீர் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டுக்குள் வைத்த பிறகு பெரும்பாலான வீடுகளில் மாசு கூடியிருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரில் குறைவாக இருந்தது. செம்பும் செம்பு கலந்த உலோகமும் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பது ஆய்வகங்களிலும் காணப்பட்ட செய்திதான். ஆனால் அந்த ஆய்வில் பார்க்கப்பட்டவை நாற்பதுக்கும் குறைவான வீடுகள். பித்தளையால்தான் மாசு குறைந்ததா, பித்தளை வைத்திருந்த குடும்பங்களின் வேறு பழக்கங்களாலா என்பதை இவ்வளவு சிறிய எண்ணிக்கையிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதில் உறுதியாகத் தெரிவது வேறொன்று: குழாயில் வந்த தண்ணீர் வீட்டில் வைத்த பிறகு மேலும் கெடுகிறது. குடிநீரைத் தனிப் பாத்திரத்தில், மூடி, கைவிட்டு மொள்ளாமல் குழாய் வழியாகவோ நீண்ட பிடியுள்ள கரண்டியாலோ எடுக்கும் பழக்கம் பொருளைவிட முக்கியம் என்றே மற்றச் சான்றுகளும் காட்டுகின்றன.

வெயில் என்னும் தரப்பு

மேலே சொன்ன யாரும் வெயிலைப் போதிய அளவு பொருட்படுத்துவதில்லை என்பது என் கருத்து. மே மாதப் பிற்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது என்பதை அரக்கோணத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதை வெறும் அசௌகரியம் என்று விட்டுவிடுகிறோம். சூடான நீரில் குளோரின் வேகமாகக் குறைகிறது. குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். வெந்நீராக இரண்டு நாள் கிடந்த தொட்டியில் அது மிஞ்சும் என்று எதிர்பார்க்க முடியாது. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகுவதும் ஏறத்தாழ 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான். நம் தொட்டிகள் ஆண்டின் பெரும்பகுதி அந்த வெப்பத்திலேயே நிற்கின்றன.

இடம் தேர்வில் வெயிலைச் சேர்த்தால் விடை கொஞ்சம் மாறும். அரக்கோணம் சுமார் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியை ஒட்டியும் சூரியன் உச்சிக்கு நேராக வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் சற்று வடக்கே நிற்கிறது. ஆகவே உச்சிவெயிலில் எந்தச் சுவரும் தொட்டிக்கு நிழல் தராது. மேலே ஒரு கூரை இருந்தால்தான் உண்டு. சுவர் உதவுவது பிற்பகலில். தொட்டிக்கு மேற்கே மாடிப்படி அறையின் சுவர் இருந்தால் இரண்டு மணிக்குப் பிறகு நிழல் விழும். தென்மேற்கு மூலையில் தனியாக நிற்கும் தொட்டி அந்தி வரை முழு வெயிலை வாங்கும். வாஸ்துப்படி வைத்தே தீர வேண்டும் என்கிறவர்கள் மேற்கிலும் மேலேயும் ஒரு தட்டியோ தகரமோ போட்டுக்கொள்ளலாம். தென்னை ஓலைப் பந்தலும் வெள்ளை பூசுவதும் செலவில்லாத வழிகள். அவை எத்தனை டிகிரியைக் குறைக்கும் என்பது தொட்டியின் அளவையும் காற்றோட்டத்தையும் பொறுத்தது. எவ்வளவு குறைந்தாலும் லாபமே.

மூடியைப் பார்க்கிறவர்கள்

பொதுச் சுகாதாரத் துறையின் நிலைப்பாடு சுருக்கமானது: மூடு, கழுவு, வாரம் ஒரு நாள் உலரவிடு. இதன் வேர் பழையது. 1939ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டமே கொசு உற்பத்தியாகும் நீர்த்தேக்கங்கள் மீது நடவடிக்கை எடுக்க அதிகாரம் தந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை; வீட்டில் நாம் பத்திரப்படுத்தி வைக்கும் தெளிந்த தண்ணீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் போதும். முட்டை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் தொட்டால் பொரிக்கும். தொட்டியைக் காலிசெய்து மீண்டும் நிரப்புவதால் பயனில்லை. சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

நடைமுறையில் ஏமாற்றுவது சின்னச் சின்ன இடைவெளிகள்தான். வெயிலில் நெளிந்த பிளாஸ்டிக் மூடி மரையில் உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல்லை வைப்பார்கள். நெளிவு இன்னும் கூடும். ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வலையில்லாமல் திறந்திருக்கும். மோட்டார்க் குழாயை உள்ளே விட மூடியிலேயே துளை போட்டிருப்பார்கள். கொசுவுக்கு இதில் எந்த வழியும் போதும்.

இந்தத் தரப்பின் பலவீனம் அது கேட்கும் உழைப்பில் இருக்கிறது. நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீட்டில் வாரம் ஒருநாள் தொட்டியைக் காலியாக விடச் சொல்வது எளிது, செய்வது கடினம். செய்கிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அபராதம் விதிக்கும் அரசு, ஏணியும் வடிகால் வால்வும் இல்லாத தொட்டிக்குக் கட்டட அனுமதியைத் தருவதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சம்ப்: தரைக்கு அடியில் உள்ள சிக்கல்

நகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவது சட்டவிரோதம். பக்கத்து வீட்டுத் தண்ணீரைப் பறிப்பது அதன் ஒரு தீமை. உறிஞ்சும்போது குழாயில் வெற்றிடம் உண்டாகி, இணைப்புகளின் விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுவது அதைவிடப் பெரிய தீமை. சம்ப் இருந்தால் தண்ணீர் தானாக இறங்கும். பிறகு மேலே ஏற்றிக்கொள்ளலாம். அதனால் பொறியாளர்கள் சம்ப்பைச் சிபாரிசு செய்கிறார்கள். நியாயமான சிபாரிசு.

ஆனால் இடம் எங்கே? கழிவுநீர் உறிஞ்சுகுழி, கிணறு போன்ற குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிறுவனத்தின் விதிமுறை. 30க்கு 40 அடி மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோணலாக அளந்தாலே 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர்தான். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் சொந்த மனைக்குள் போரும் உறிஞ்சுகுழியும் வைத்திருப்பவர் எவராலும் இந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாது. நீர்க்கசிவில்லாத சம்ப்புக்கு இந்தத் தூரம் அப்படியே பொருந்தாது என்று வாதிடலாம். விரிசல் விட்ட சம்ப்புக்கும் கிணற்றுக்கும் வித்தியாசம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூடி தரைமட்டத்திலேயே இருந்தால், ஒரு கனமழையில் தெருத் தண்ணீர் உள்ளே போய்விடும். மூடியின் விளிம்பைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்திக் கட்டுவது இதற்கு எளிய தடுப்பு. அந்த ஓரடி உயரமும் ஒரு பூட்டும் குழந்தைகளையும் காக்கும்.

சம்ப் கழுவ இறங்கியவர் மூச்சுத்திணறி விழுவதும், தூக்கப்போனவரும் உடன் சாவதும் நம் செய்தித்தாள்களில் மறுபடி மறுபடி வருகிறது. நீண்ட நாள் மூடிக் கிடந்த தொட்டியில் உயிர்வளி குறைந்திருக்கும். அது கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. மூடியைப் பல மணி நேரம் திறந்து வைக்காமல், மின்விசிறியால் காற்றை ஏற்றாமல், மேலே கயிற்றோடு ஓர் ஆள் நிற்காமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. மின்மோட்டாரை உள்ளே ஓடவிட்டபடி இறங்கவும் கூடாது. ஆள் இறங்காமல் மேலிருந்தே கழுவக்கூடிய ஆழத்தில் சம்ப்பைக் கட்டுவது இதைவிட நல்லது. கொள்ளளவு குறைகிறதே என்று தயங்குகிறவர்கள் அகலத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

எவ்வளவு வேண்டும்?

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், இல்லாத நகரங்களில் 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர்த் திட்டக் கையேடு வகுத்த அளவு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமங்களுக்கு 55 லிட்டர் என்கிறது. நான்கு பேர் உள்ள நகர வீட்டுக்கு ஒரு நாளைக்கு 280 முதல் 540 லிட்டர். தண்ணீர் தினமும் வந்தால் 500 லிட்டர் தொட்டியே ஏறக்குறையப் போதும்; ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் ஆயிரம். ஆனாலும் பயத்தில் இரண்டாயிரம் வாங்குகிறோம். பயம் பொய்யில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறிப் போனது அரக்கோணம் பாதையில்தான். இருந்தாலும் பெரிய தொட்டியில் தண்ணீர் அதிக நாள் தங்குகிறது, குளோரின் தீர்கிறது, அடியில் மண்டி சேர்கிறது. இரண்டாயிரம் லிட்டர் தேவைப்படுகிறவர் ஆயிரம் லிட்டரில் இரண்டை வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், ஒன்றைக் கழுவும்போது மற்றதில் தண்ணீர் இருக்கும்.

தொட்டியே வேண்டாம் என்பவர்கள்

கடைசித் தரப்பு கேள்வியையே மறுக்கிறது. குழாயில் 24 மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் வந்தால் எந்த மூலை என்ற பேச்சே எழாது என்கிறார்கள் இவர்கள். கர்நாடகத்தின் ஹூப்பள்ளி-தார்வாடில் சில வார்டுகளில் முதலில் செய்து பார்த்தார்கள். 2018இல் கோயம்புத்தூர் மாநகராட்சி இதற்காகத் தனியார் நிறுவனத்தோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டது. 2021இல் ஒடிசாவின் பூரி, குழாயிலேயே குடிக்கலாம் என்று அறிவித்தது. வாதம் வலுவானது: விட்டு விட்டு வரும் குழாய் காலியாகும்போது அழுக்கை உள்ளே இழுக்கிறது, ஹூப்பள்ளி-தார்வாடில் எமிலி கும்பெலும் காரா நெல்சனும் செய்த ஆய்வு, தொடர்ந்து வரும் பகுதிகளில் மாசு குறைவு என்று 2013இல் காட்டியது. தண்ணீர் திறந்துவிட்ட முதல் சில நிமிடங்களில் வருவது கூடுதல் அழுக்கு என்பதும் தெரியவந்தது. முதல் தண்ணீரைச் செடிக்கு விடுவது நல்ல பழக்கம் என்பதற்கு இது சான்று.

ஆனால் நோய் குறைந்ததா? அதே நகரங்களில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் ஒட்டுமொத்தமாகத் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. டைஃபாய்டு குறைந்தது; ஏழைக் குடும்பங்களில் இரத்தப்போக்குடன் கூடிய வயிற்றுப்போக்கும் குறைந்தது. 24 மணி நேரத் தண்ணீர் கிடைத்த பகுதிகளிலும் மக்கள் பிடித்து வைப்பதை விடவில்லை. நம்பிக்கை வர நாளாகும். கட்டணம், தனியார் பங்கு பற்றிய அச்சங்களுக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. ஏரியே வற்றும் ஆண்டில் 24 மணி நேரமும் எதைத் திறந்துவிடுவது என்ற கேள்விக்கு இந்தத் தரப்பிடம் இன்னும் திருப்தியான பதில் இல்லை.

தீர்ந்ததும் தீராததும்

சில விஷயங்களில் சான்று போதுமான அளவு இருக்கிறது. சுமை தூணில் இறங்க வேண்டும், அடி முழுக்கச் சமதளம் வேண்டும், கொசு நுழையாத மூடியும் வலையும் வேண்டும், ஏறிக் கழுவ நிலையான ஏணி வேண்டும், அடியில் வடிகால் வேண்டும், குடிநீரைத் தனியே வைக்க வேண்டும். இவற்றை நிறைவேற்றிய பிறகு கன்னி மூலையா வேறு மூலையா என்பது குடும்பத்தின் விருப்பம். அதில் ஆய்வுக்கு வேலையில்லை. சிமெண்டா பிளாஸ்டிக்கா என்பதற்கும் பொதுவான தீர்ப்பு இல்லை. கழுவ முடிகிற தொட்டி எந்தப் பொருளானாலும் கழுவ முடியாததைவிட மேல் என்ற அளவில்தான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

தீராதவை மூன்று. நம் கோடை வெப்பத்தில் மாடித் தொட்டி நீரின் தரம் மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்பதை வடாற்காட்டு ஊர்களில் தொடர்ந்து அளக்க வேண்டும். வேலூர் ஆய்வு அடுக்களைப் பாத்திரத்தோடு நின்றது. சிறுமனைகளில் உறிஞ்சுகுழிக்கும் போருக்கும் இடையே நடைமுறைக்கு ஏற்ற, ஆபத்தில்லாத ஏற்பாடு என்ன என்பது அடுத்தது. பாதாளச் சாக்கடை வரும்வரை அதற்கு இடைக்காலப் பதிலாவது வேண்டும். மூன்றாவது, தண்ணீர் எப்போது வரும் என்ற தகவல். அது இல்லாததால்தான் பயந்து பெரிய தொட்டி வாங்குகிறோம். எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் விடப்படும் என்பதையும், கடைசி வீட்டுக் குழாயில் அளந்த குளோரின் அளவையும் நகராட்சிகள் வார்டுதோறும் எழுதி ஒட்ட வேண்டும். அதற்குப் புதிய திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை.